முட்டை வேகும் நேரம்

பார்ஜ்மேன் பப்பில் ஒரு பாட்டு எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதை முடிவு செய்தது கடைக்காரி டோரீன் ஹக்கெட்டின் மணல் கடிகாரம். அவள் கணவன் ரெஜ் உயிரோடிருந்த காலத்தில் அவனுக்குக் காலையில் முட்டை அவிக்க வாங்கியது அது. ரெஜ் போய்ச் சேர்ந்த பிறகு முட்டைக்கு ஆளில்லை. நல்ல கடிகாரத்தை வீணாக்க மனமில்லாமல் மாடி வீட்டிலிருந்து கீழே பப்புக்குக் கொண்டுவந்து கல்லாப்பெட்டியின் மேல் வைத்துவிட்டாள். மணல் மேலிருந்து கீழே இறங்க மூன்று நிமிடம். பாட்டு தொடங்கியதும் கவிழ்த்து வைப்பாள். மணல் தீர்ந்தும் பாட்டு தீரவில்லையென்றால் குனிந்து ஸ்விட்சை அணைத்துவிடுவாள்.

ஸ்விட்ச் அவள் காலடியில்தான் இருந்தது. அந்தப் பப்பில் நம்பக்கூடிய மின்சாரம் அந்த ஒரு இடத்தில்தான். மைக், கிட்டார், பேஸ் கிட்டார் எல்லாவற்றின் ஒயரும் சுவரோரமாக ஊர்ந்து அங்கே போய்ச் சேரும். அவள் அணைத்தால் டிரம் மட்டும் தனியாகத் தடதடவென்று கொஞ்ச தூரம் ஓடி, வெட்கப்பட்டு நிற்கும்.

டோரீனுக்குப் பாட்டின் மேல் பகையொன்றும் கிடையாது. பாட்டு ஓடும்போது ஒரு பயலும் குடிப்பதில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரண்டுக்கு மூடவேண்டும், அதுதான் சட்டம். அந்த இரண்டு மணி நேரத்தில் நூறு பேர் வாயைப் பிளந்துகொண்டு காலி கிளாஸோடு நின்றால் அவள் என்ன ஆவது? கல்லா மேல் வறுத்த உருளைக்கிழங்குக்கு உப்பை அள்ளிப் போட்டுத் தட்டுத் தட்டாக இலவசமாக வைத்ததே தாகம் எடுக்கட்டும் என்றுதான். பாட்டு அந்தத் தாகத்தை மறக்கடித்தது. அதனால் மூன்று நிமிடம், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் மூன்று நிமிடம்.

இப்படித்தான் லண்டனுக்குக் கிழக்கே கடலோரச் சேற்றில் கிடக்கும் கேன்வி தீவின் ‘ஃபோர் பைண்ட்ஸ்’ குழுவுக்கு ஒரு பாணி வந்து சேர்ந்தது. பெயரும் டோரீன் கொடுத்ததுதான். வாசிக்கிற நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு பைண்ட் பீர், ஒரு பெரிய கிளாஸ் நிறைய, அதுவே அவர்கள் சம்பளம், அதுவே பலகையில் பெயர். மூன்று நிமிடத்துக்குள் அடங்கவேண்டுமே என்று முதலில் பாட்டுகளின் முன்னுரையை வெட்டினார்கள். பிறகு ‘ஒன், டூ’ என்று எண்ணுவதை வெட்டினார்கள். கடைசியில் பாட்டை இழுத்து இழுத்து முடிக்கிற வழக்கத்தையும் வெட்டினார்கள். பாட்டு கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வரும், சொல்ல வந்ததைச் சொல்லும், கதவை அறைந்துவிட்டுப் போகும்.

கிட்டார் வாசித்தவன் கிளைவ் பன்னல். முப்பத்தோரு வயது, எண்ணெய்க் கிடங்கில் வால்வு திறந்து மூடுகிற வேலை. ஒல்லியான ஆள், கன்னம் ஒட்டியவன். வாசிக்கும்போது கூட்டத்தைப் பார்த்து இமைக்காமல் முறைப்பான். முன்வரிசையில் நிற்பவர்கள் அந்தப் பார்வை தாங்காமல் அரையடி பின்னால் போவார்கள். உண்மையில் அவன் அவர்களைப் பார்க்கவேயில்லை. அவர்கள் தலைக்கு மேலே, இருபதடி தள்ளி, சிகரெட் புகைக்கு அப்பால் இருந்த கடிகாரத்தில் மணல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கம். அதனால்தான் அவ்வளவு முறைப்பு.

மற்ற மூவரின் தோரணைக்கும் இதே மாதிரி ஒரு காரணம்தான். பாடகன் டெர்ரி மாட் கசாப்புக் கடைக்காரன், ஆறடி நாலங்குலம். மேடை என்று ஒன்று கிடையாது. அம்பு எறியும் பலகைக்கும் ஆண்கள் கழிப்பறைக்கும் நடுவில் தாழ்ந்த உத்திரத்தின் கீழே அவர்களுக்கு இடம். தலை இடிக்காமல் இருக்க அவன் கழுத்தை ஒரு பக்கம் மடித்துக்கொண்டே பாடினான். டிரம் வாசித்த நார்மன் ரொட்டி வேன் ஓட்டுபவன். பேஸ் வாசித்த கார்டன் பேசுவதில்லை, என்ன வேலை செய்கிறான் என்று யாரும் கேட்டதுமில்லை. நாலு பேரும் கோட்டும் டையும் போட்டிருப்பார்கள். இரண்டு மணிக்குப் பப் மூடியதும் அப்படியே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்காரவேண்டும். டை இல்லாமல் மாமியார் எதிரே மேஜையில் உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காதே.

எழுபத்தைந்தாம் வருஷம் மார்ச் மாதத்தில் இதையெல்லாம் ஜூலியன் ஆஷ்கம்ப் வந்து பார்த்தான். லண்டனில் வாராந்திர இசைப் பத்திரிகை ஒன்றில் எழுதுகிறவன், வெல்வெட் கோட்டு, முழங்கால்வரை சேறு. மேடையில் புகை விட்டு, மேலங்கியை விரித்துக்கொண்டு, நாற்பது நிமிடம் ஒரே பாட்டை வாசிக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்தான். உப்புக் கிழங்கை மென்றபடி அரை மணி நேரம் நின்றான். அடுத்த வாரம் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் எழுதினான்.

கிடங்கு கேன்டீனில் யாரோ அதை உரக்கப் படித்தார்கள். ‘பாடகனின் மடிந்த கழுத்தில் இந்த உலகத்தின் மேல் அவனுக்கிருக்கும் அலட்சியம் முழுவதும் தெரிகிறது. அவர்கள் கட்டியிருக்கும் டை, நீள முடிக்காரர்களின் முகத்தில் விட்ட அறை. கிட்டார்காரனின் கண்ணில் கொலை இருக்கிறது. அவன் தனி வாசிப்பை ஒரு நோயைப்போல வெறுக்கிறான். தேவைக்கு மேல் ஒரு சுரம் வாசிப்பதைவிடத் தன் விரலை வெட்டிக்கொள்வான்.’

கேன்டீனே கைதட்டியது. கிளைவ் டீயைக் குடித்து முடித்தான். அவமானமா பெருமையா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஏனென்றால் அவனிடம் ஒரு தனி வாசிப்பு இருந்தது. ஒன்பது நிமிடம். நாலு வருஷமாக, சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற அறையில் உட்கார்ந்து, ஒயர் மாட்டாத கிட்டாரில் அதை வாசித்து வாசித்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். சேற்றின் மேல் தண்ணீர் ஏறுவதுபோல மெல்லத் தொடங்கும். நடுவில் சுருதி ஒரு படி ஏறும் இடம் ஒன்று உண்டு, அங்கே வந்தால் அவன் முகம் அழுகிறவன் முகம்போலக் கோணும். அதைக் கேட்ட ஒரே ஆள் அவன் மனைவி போலின், அதுவும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உருளைக்கிழங்கு உரித்தபடி. மனிதர்கள் முன்னால் ஒரே ஒரு முறை அதை வாசித்துவிட வேண்டும் என்பதுதான் கிளைவின் ஆசை. வேறு ஆசையே அவனுக்கு இல்லை என்று சொல்லலாம். கொஞ்சம் பெரிய வீடும் வேண்டும், ஆனால் அது போலினின் ஆசை.

பத்திரிகையில் வந்த பிறகு ஆஷ்கம்பிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா கொடுத்த பணத்தில் ஒரு சின்ன ரெகார்டு கம்பெனி தொடங்கியிருக்கிறானாம். வரும் ஞாயிறு ஒப்பந்தத்தோடு வருகிறானாம். இன்னொரு முறை கேட்டுவிட்டு, அதே நெருப்பு இருந்தால், அங்கேயே கையெழுத்து.

வியாழக்கிழமை நார்மனின் வேனுக்குள் உட்கார்ந்து நாலு பேரும் பேசினார்கள். வேன் முழுக்க ரொட்டி வாசனை.

“ஒண்ணும் புதுசா பண்ணக் கூடாது,” என்றான் டெர்ரி. “போன தடவ எப்படியோ அப்படியே. எவனும் முடி வெட்டிக்காதீங்க. எவனும் சிரிக்காதீங்க. முக்கியமா கிளைவ், நீ சிரிக்காத.”

“நான் எப்படா சிரிச்சேன்?”

“அதான் சொல்றேன். அப்படியே இரு.”

கிளைவ் கொஞ்ச நேரம் ரொட்டித் தட்டை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். “நான் ஒண்ணு வச்சிருக்கேன். தனியா வாசிக்கறது. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி அதைப் போட்டா...”

“எவ்வளவு நேரம்?”

“ஒம்போது நிமிஷம்.”

நார்மன் விசிலடித்தான். டெர்ரி தலையில் கையை வைத்துக்கொண்டான்.

“டேய், உனக்கு மூள கலங்கிடிச்சா? அந்த ஆளு என்ன எழுதினான்? விரல வெட்டிக்குவான்னு எழுதினான்டா உன்னப்பத்தி! அவன் கையில ஒப்பந்தத்தோட வர்றான், நீ அவன் முன்னாடி ஒம்போது நிமிஷம் விரல ஆட்டப்போறியா? எனக்கு முப்பத்தஞ்சு வயசுடா. பன்னெண்டு வருஷமா பன்னி வெட்டிக்கிட்டிருக்கேன். குளிச்சாலும் அந்த வாட போகல. எனக்கு வெளிய போகணும்.”

“ஒரு தடவடா, டெர்ரி.”

“கையெழுத்து போட்டப்புறம் உன் கல்யாண நாளுக்கு வாசி. சாவுக்கு வாசி. ஞாயித்துக்கெழம வேணாம்.”

கார்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “ஒம்போது நிமிஷம் அதிகம்,” என்றான். அந்த மாதத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கிளைவ் நடந்ததைச் சொன்னான். போலின் அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

“கையெழுத்து போட்டுட்டா அப்புறம் உன்ன வாசிக்க விடுவாங்களா?”

“விட மாட்டாங்க. விரல வெட்டிக்கிறவன்னு போஸ்டரே அடிப்பாங்க.”

“அப்ப இந்த ஞாயிறு விட்டா எப்பவும் இல்ல.”

“இல்ல.”

“வாசிச்சுத் தொல. நாலு வருஷமா சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கேன். எனக்கு மட்டும் ஏன் அந்தத் தண்டன?”

டெர்ரி ஒருபுறம் இருக்கட்டும், ஸ்விட்ச் டோரீனிடம் இருந்தது. சனிக்கிழமை காலை கிளைவ் பப்பின் பின்வாசலுக்குப் போனான். டோரீன் தலையில் சுருள்முடிக் கட்டைகளோடு நிலவறைப் படியில் நின்றிருந்தாள்.

“டோரீன், ஒரு உதவி.”

“நீ எனக்குப் பண்றதா இருந்தா உள்ள வா ராசா, பீப்பாய் உருட்டணும். நான் உனக்குப் பண்றதா இருந்தா பன்னெண்டு மணிக்குத்தான் தொறப்போம்.”

அவன் உள்ளே போய் மூன்று பீப்பாய் உருட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னான்.

“ஒம்போது நிமிஷமா? ஒம்போது நிமிஷம் அவிச்சா முட்டையால ஆள அடிச்சுக் கொல்லலாம். எங்க ரெஜ்ஜு இருவது வருஷத்துல சேந்தாப்ல ஒம்போது நிமிஷம் பேசினதில்ல. நான் விட்டதில்ல.”

“ஒரே ஒரு தடவ.”

“நாளைக்கு லண்டன்காரங்க வேற வருவாங்க. தொண்ட வறண்ட கூட்டம். நீ ஒம்போது நிமிஷம் அவங்கள வாயப் பொளக்க வச்சா எனக்கு எத்தன பைண்ட் போச்சு தெரியுமா?”

அவனுக்கே தெரியாமல் கிளைவின் குரல் உயர்ந்தது.

“நாலு வருஷமா உங்க மணலப் பாத்துக்கிட்டே வாசிக்கிறேன் டோரீன். முன்னாடி யார் நிக்கறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு தடவயாவது பாட்டு முடியறப்ப நான் நிறுத்தணும். மணல் முடியறப்ப இல்ல.”

டோரீன் ஒரு சுருள்முடிக் கட்டையைக் கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“நாலு ஞாயிறு பீர்க் குழாய் கழுவறது உன் வேல.”

“சரி.”

“கடிகாரத்தப் படுக்க வச்சிடறேன். ஸ்விட்சத் தொடமாட்டேன். ஆனா நஷ்டமானா உன்ன உப்புக் கண்டம் போட்டுருவேன், ஆமா.”

ஞாயிற்றுக்கிழமை பப் பிதுங்கியது. பத்திரிகை படித்துவிட்டு லண்டனிலிருந்து ரயிலேறி வந்தவர்களே ஐம்பது பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் நீள முடி, ஆனால் அவசரமாக எங்கிருந்தோ ஒரு டை தேடிக் கட்டியிருந்தார்கள். சிலர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களைப் பார்த்து ‘ஊரில் ஏதோ சுளுக்கு பரவுகிறது’ என்று பேசிக்கொண்டார்கள். ஆஷ்கம்ப் கம்பத்தோரம் நின்றிருந்தான், கோட்டின் உள்பையில் ஒப்பந்தம் துருத்திக்கொண்டிருந்தது. போலின் அடுப்பில் மாட்டிறைச்சியை வைத்துவிட்டு, எப்போதும்போல ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்தாள். கைக்கடிகாரத்தைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் கட்டியிருந்தாள். இறைச்சி கருகாமல் இருக்க அடிக்கடி பார்ப்பது அவள் வழக்கம்.

ஏழு பாட்டு வாசித்தார்கள். ஏழும் மூன்று நிமிடத்துக்குள் வந்து, அறைந்து, போயின. லண்டன்காரர்கள் கத்தினார்கள். டெர்ரியின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. கிளைவ் கடிகாரத்தை முறைத்தான், முன்வரிசை பின்னால் போனது. ஆஷ்கம்ப் கண்களை மூடித் தலையாட்டியதில் ஒப்பந்தம் முக்கால்வாசி முடிந்தாகிவிட்டது என்றே டெர்ரி நினைத்திருக்கவேண்டும்.

எட்டாவது பாட்டின் நடுவில் டோரீன் கடிகாரத்தை எடுத்துப் படுக்க வைத்தாள்.

மூன்றாவது நிமிடத்தில் மற்ற மூவரும் வழக்கப்படி வெட்டி நிறுத்தினார்கள். கிளைவ் நிறுத்தவில்லை. ஒரு சுரத்தைப் பிடித்து வைத்திருந்தான், அது தனியாகப் பப்புக்குள் நீண்டது. டெர்ரி திரும்பிப் பார்த்தான், அந்த முகத்தை இங்கே எழுத முடியாது. நார்மன் கல்லாப்பக்கம் பார்த்தான், கடிகாரம் படுத்திருப்பதைப் பார்த்தான், தோளைக் குலுக்கிவிட்டு மெல்லத் தாளம் போடத் தொடங்கினான். கார்டனும் சேர்ந்துகொண்டான்.

கிளைவ் கண்ணை மூடினான். நாலு வருஷத்தில் பார்ஜ்மேனில் அவன் கண் மூடி வாசித்தது இதுதான் முதல் முறை. துவைக்கிற அறைக்குள் சன்னமாக முணுமுணுத்த ஓசை இப்போது சுவரில் மோதித் திரும்பி வந்தது. விரல்கள் தாமாகப் போயின. சேறும் தண்ணீரும் வந்தன, சுருதி ஏறும் இடம் வந்தது, முகம் கோணியது. சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் தனக்குக் கிடைக்கும் என்று அவன் நினைத்ததில்லை. அவன் நன்றாகவே வாசித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறாவது நிமிடத்தில் இதை யார் யார் கேட்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று கண்ணைத் திறந்தான்.

முதுகுகள். எங்கே பார்த்தாலும் முதுகுகள். பப் மொத்தமும் கல்லாவை நோக்கித் திரும்பியிருந்தது. ஐந்து வரிசைக்கு ஆட்கள் கையில் காலி கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முண்டினார்கள். ஆண்கள் கழிப்பறைக்கு அவனைத் தாண்டி ஒரு வரிசை போயிற்று, அதில் ஒருவன் போகிறபோக்கில் “கொஞ்சம் தள்ளிக்கண்ணே” என்றான். டெர்ரி கல்லாவில் சாய்ந்து நின்று பீர் குடித்தான். நார்மன் ஒரு கையால் தாளம் போட்டுக்கொண்டு மறு கையால் உருளைக்கிழங்கு தின்றான். ஆஷ்கம்ப் முழங்கையால் இடித்து முன்னேறிக்கொண்டிருந்தான். வரிசையில், எட்டாவதோ ஒன்பதாவதோ ஆளாக, போலின் நின்றிருந்தாள்.

டோரீன் இரண்டு கையாலும் பீர் ஊற்றினாள். முகத்தில் அப்படி ஒரு ஒளி. ரெஜ்ஜை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்தப் பப்பில் இவ்வளவு வியாபாரம் ஆனதில்லை.

நிறுத்திவிடலாமா என்று கிளைவுக்குத் தோன்றியது. நிறுத்தவில்லை. மிச்சமிருந்த மூன்று நிமிடத்தையும் முதுகுகளுக்கு வாசித்தான். ஒரு சுரம் விடவில்லை. முடிந்தபோது கைதட்டல் கேட்டது. பாட்டு முடிந்ததற்காகத் தட்டினார்களா, கிளாஸ் கிடைத்ததற்காகத் தட்டினார்களா என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் வந்தவன் டெர்ரி. “கெடுத்தியேடா,” என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவனைத் தள்ளிக்கொண்டு ஆஷ்கம்ப் வந்தான். இரண்டு கையாலும் கிளைவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“அபாரம் கிளைவ்! நான் எத்தனையோ கிண்டல் பாத்திருக்கேன். ஆனா இப்படி ஒண்ணு, முகத்துல துளி சிரிப்பில்லாம, ஒம்போது நிமிஷம்! அந்தக் கண்ண மூடிக்கிறது, பெரிய மேதை மாதிரி! நடுவுல ஒரு இடத்துல அழுகிற மாதிரி முகத்த வச்சுக்கிட்டீங்க பாருங்க, என்னால சிரிப்ப அடக்க முடியல, அதான் பீர் வாங்கப் போயிட்டேன். இந்த நாட்டுல இருக்கிற அத்தன தனி வாசிப்பையும் இன்னிக்கு இங்க புதைச்சுட்டீங்க.”

டெர்ரியின் முகம் மாறியது. ஒரு மூச்சு விட்டான். “ஆமா,” என்றான் உடனே. “கிண்டல்னா இவன்தான். ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்தான். இல்லடா?”

கிளைவ் டெர்ரியைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷப் பன்றி வாடை அவன் கண்ணில் கெஞ்சிக்கொண்டு நின்றது.

“ஆமா,” என்றான் கிளைவ். “கிண்டல்தான்.”

சொன்ன பிறகு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கடற்சுவரில் முட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. போலின் கூட்டத்துக்குள் நுழைந்து வந்து, நுரை வழிகிற ஒரு பைண்ட்டை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தாள்.

“நீயுமா வரிசையில நின்ன?” என்றான் அவன்.

“உனக்குத்தான் வாங்கினேன். முடிக்கறப்ப நாக்கு வறண்டிருக்குமேன்னு. எனக்கென்ன, எனக்குத் திரும்பி நின்னாலும் கேக்கும். நான் எப்பவும் அப்படித்தானே கேக்கிறேன்.”

அவன் ஒரு வாய் குடித்தான். டெர்ரி உத்திரத்தின் கீழே போய்க் கழுத்தை மடித்தான். மணி இரண்டாக இன்னும் ஏழெட்டு நிமிடம்தான். கடைசிப் பாட்டு. எண்ணிக்கை கிடையாது, முன்னுரை கிடையாது. கிளைவ் ஆத்திரத்தையெல்லாம் கையில் வைத்துக் கம்பிகளில் அறைந்தான்.

பழக்கத்தில் கண் கல்லாவுக்குப் போனது. கடிகாரம் படுத்தே கிடந்தது, டோரீன் நிமிர்த்த மறந்துவிட்டாள். மணல் நகரவில்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லாததால் அவன் பார்வை மெல்லக் கீழே இறங்கியது.

முதுகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒரு தடித்த பெண், கிடங்கில் அவனோடு வேலை பார்ப்பவனின் அக்கா, உருளைக்கிழங்கைப் பாதி கடித்தபடி நிறுத்தியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் கிளாஸை உதட்டுவரை கொண்டுபோய்க் குடிக்க மறந்திருந்தார். லண்டன் பையன்கள் சாய்ந்த கழுத்தை நிமிர்த்திவிட்டார்கள், சாய்க்கவேண்டும் என்பது நினைவில் இல்லை. வரிசை கலைந்தது. கழிப்பறைக்குப் போனவன் பாதியில் நின்றுவிட்டான், கை இன்னும் கதவுப்பிடியில். நூறு பேர், நூறு திறந்த வாய். நாலு வருஷமாக டோரீன் புலம்பியது இதைத்தான். நாலு வருஷமாக இது அவன் கண்முன்னாலேயே நடந்திருக்கிறது, அவன் ஒரு ஞாயிறுகூடப் பார்த்ததில்லை. ஒன்பது நிமிடம் தேய்த்தும் தனக்குக் கிடைக்காத முகங்கள் இங்கே சும்மா நின்றிருந்ததைக் கண்டு அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போய்விட்டது.

கல்லாவுக்குப் பின்னால் டோரீன் ஒரு கிளாஸைக் குழாயின் கீழே பிடித்திருந்தாள். கிளாஸ் நிரம்பி, பீர் அவள் மணிக்கட்டில் வழிந்து, தரையில் சொட்டியது. அவள் வாயும் திறந்துதான் இருந்தது.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல மணலும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. கிளைவ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்து முடித்த மாதிரி இருந்தபோது, பாட்டும் முடிந்திருந்தது. நிறுத்தினான். மற்ற மூவரும் அதே நொடியில் நிறுத்தினார்கள்.

கைதட்டல் அடங்குமுன் டோரீன் மணியடித்து, கடை முடிந்தது என்று பீர்க் குழாய்கள் மேல் துண்டைப் போட்டாள். அம்பு எறியும் பலகைக்குக் கீழே வைத்து ஒப்பந்தத்தில் நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“ஒரு சின்ன விஷயம் கிளைவ்,” என்றான் ஆஷ்கம்ப் பேனாவை மூடியபடி. “கடைசிப் பாட்டுல அந்தக் கொலப் பார்வ இல்லையே? ஏதோ அன்பா பாக்கற மாதிரி இருந்துச்சு. லண்டன்ல அது வேணும், என்ன?”

“பாக்கலாம்,” என்றான் கிளைவ்.

டோரீன் ஈரத் துணியோடு வந்தாள். “ராசா, அந்த ஒம்போது நிமிஷம். அத இனி வாராவாரம் போட்டுடு. ரெண்டு தடவ போட்டாலும் சரி. இத்தன நாளா இப்படி ஒரு சரக்க வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லாம இருந்தியே, பாவி.”

“அது இனி கிடையாது டோரீன். மூணு நிமிஷம்தான்.”

“அடப் போடா! கடசிப் பாட்ட மட்டும் அந்த இழு இழுத்த. ஒருத்தனும் குடிக்கல. ஒரு பைண்ட் முழுசா தரையில போச்சு. பத்து நிமிஷம் இருக்கும்.”

கிளைவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்து இருக்கும், பன்னிரண்டுகூட இருக்கலாம். ஒயரைச் சுருட்டிக்கொண்டே போலினைக் கேட்டான்.

“நீ மணி பாத்தியா? கடசிப் பாட்டு எவ்வளவு நேரம் ஓடிச்சு?”

போலின் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். இறைச்சி ஞாபகத்தில் அவள் எல்லாவற்றுக்கும் மணி பார்ப்பவள்.

“ரெண்டு நிமிஷம் அம்பது செகண்டு,” என்றாள். “ஏன்?”

கிளைவ் கல்லாவுக்குப் போய், படுத்துக் கிடந்த கடிகாரத்தை எடுத்து நிமிர்த்தி, அதன் பழைய இடத்தில் வைத்தான்.

“வா,” என்றாள் போலின் வாசலிலிருந்து. “கறி கருகுது.”